நல்ல அறையை முதலாம் ஆண்டுக்குக் கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். கல்லூரியின் பழைய விஞ்ஞானக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அக்கா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ அனுப்பிய படங்களையும், துறைகள் கொடுத்த தேவைப் பட்டியலையும் பார்த்தேன். வேதியியலுக்கு நச்சுப்புகையை வெளியேற்றும் இருபது ஃபியூம் ஹூட் வேண்டும். இயற்பியலுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். உயிரியலுக்குத் தூசி புகாத அறை வேண்டும். நிர்வாகத்துக்கு முகப்பு மாடியில் கூட்ட அரங்கு வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு எல்லா அறையிலும் ஏ.சி. வேண்டும். இத்தனையும் நூறு வயது தாண்டிய ஒரே செங்கல் கட்டடத்துக்குள். "எல்லாரும் கேட்பது நியாயமாகத்தான் இருக்கிறது, எதை எங்கே வைப்பது மாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்துக்குள் எது வரக்கூடாது என்பதை முதலில் முடிவு செய். வரலாம் என்று தேறியவற்றில், வெளிச்சமும் காற்றும் நிறைந்த மிக நல்ல அறைகளை இளங்கலை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடு. சுண்ணாம்பு, தேக்கு, குழாய், வயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அவற்றைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொடுக்க மேஸ்திரிகள் இருக்கிறார்கள். இந்த முதல் முடிவை உனக்காக எடுத்துத்தர யாரும் வரமாட்டார்கள்.

பழைய ஆய்வகக் கட்டடத்தைச் சுவரும் கூரையுமாக மட்டும் பார்க்காதே. கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகம் கட்டிய விதத்தைப் பார். 1871-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லை அங்கே சோதனை இயற்பியலின் முதல் பேராசிரியராக அமர்த்தினார்கள். டெவன்ஷயர் பிரபு பணம் கொடுத்தார். வில்லியம் ஃபாசெட் வரைபடம் போட்டார். ஆனால் அதற்குமுன் மாக்ஸ்வெல், கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சனின் ஆய்வகத்தையும் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் ஆய்வகத்தையும் நேரில் போய்ப் பார்த்து, என்னென்ன வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். 1874-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் காந்த அளவீடுகளுக்கென்று தரைத்தளத்தில் ஓர் அறை இருந்தது. அங்கே கருவிகளைத் தாங்கும் கல் மேடைகளுக்குத் தனி அஸ்திவாரம். பக்கத்தில் ஆள் நடந்தால் தரை அதிரும், மேடை அதிராது. ஜன்னல்களுக்கு வெளியே அகலமான கல் திட்டு வைத்தார்கள். சூரிய ஒளியை அறைக்குள் திருப்பிவிடும் கண்ணாடிக் கருவியை அதில் நிறுத்தலாம். கோபுரத்தின் மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து இறங்கும் நீரின் வேகத்தைக் கொண்டு கண்ணாடிக் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். தெருவில் போகிறவருக்கு அது அலங்காரக் கோபுரம். உள்ளே வேலை செய்தவருக்கு அதுவே வெற்றிடப் பம்பு.

அந்த இடத்தில்தான் 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார், 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். இருந்தும் 1974-இல் கேவண்டிஷ் அந்த வளாகத்தை விட்டு ஊரின் மேற்கே புதிய இடத்துக்குப் போனது. நெரிசலும் புதிய கருவிகளின் தேவையும் பழைய சுவர்களை மீறிவிட்டன. பழைய கட்டடம் பல்கலைக்கழகத்தின் வேறு துறைகளுக்குப் போய் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மாக்ஸ்வெல்லே யோசித்துக் கட்டிய கட்டடத்தாலும் நூறு வருஷத்துக்குப் பிறகு எல்லா விஞ்ஞானத்தையும் சுமக்க முடியவில்லை. உன் கட்டடத்தால் முடியாது என்று நீ கூட்டத்தில் சொல்வதில் யாருக்கும் அவமானம் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிட்டுப் பழைய கட்டடத்தைக் கண்காட்சிக் கூடமாக்கச் சொல்லவில்லை. அது எனக்கு அறவே பிடிக்காது. விஞ்ஞானக் கட்டடத்தில் பிள்ளைகள் கையை நனைத்து, சட்டையில் கறை பட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். எது தங்குவது, எது போவது என்பதைக் கட்டடத்தையே கேட்டு முடிவு செய் என்கிறேன்.

அதனால் ஆட்டோகேடைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் கட்டடத்துக்குள் சுற்று. வடக்கு வெளிச்சம் எந்த அறைகளில் நாள் முழுக்க நிலையாக இருக்கிறது என்று பார். சுவருக்குள் அடைத்துப் பூசிய புகைப்போக்கிகள் இருக்கும். பழைய வேதியியல் கூடங்களில் காற்றை மேலே இழுக்கச் சுவரின் கனத்துக்குள்ளேயே வழி விட்டிருப்பார்கள். தட்டினால் சத்தம் மாறும். தராசு அறையைத் தேடு. ரசாயனத் தராசு வைக்கும் கல் பலகையைத் தரையில் நிறுத்தாமல் சுவரில் பதித்திருப்பார்கள், காரணம் கேம்பிரிட்ஜில் சொன்னதேதான். ஒளியியல் இருட்டறை எங்கே இருந்தது, கேஸ் பிளாண்ட் எங்கே இருந்தது, எந்த சிங்க் எந்தச் சாக்கடையில் போய்ச் சேர்கிறது, இதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. லேப் அட்டெண்டர்களிடம் கேள். ஓய்வு பெற்றவர்கள் இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார். நாற்பது வருஷம் அந்தப் படிகளில் டிரேயைத் தூக்கி ஏறியவருக்கு, எந்தத் தளம் எந்த இடத்தில் லேசாகத் துள்ளும் என்று தெரியும். அவர்களை "அண்ணே", "ஐயா" என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள். உன் குழு வாங்கப்போகும் எந்த ஆலோசனை அறிக்கையையும்விட அதை நான் மேலாக மதிக்கிறேன்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். முதலில் அந்த இருபது ஃபியூம் ஹூட்.

ஒரு ஹூட்டின் வாய் ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள். நச்சுப்புகை வெளியே வராமலிருக்க அந்த வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். பெருக்கிப் பார், ஒரு மணி நேரத்துக்கு 1,350 கன மீட்டர் வருகிறது. இருபதும் ஓடினால் 27,000 கன மீட்டர். அந்தக் காற்றைத் திருப்பி அறைக்குள் விட முடியாது, முழுவதையும் கூரைக்கு மேலே வெளியேற்ற வேண்டும். அதே அளவு புதுக்காற்றை, சென்னையின் ஈரத்தையெல்லாம் பிழிந்தெடுத்துக் குளிரவைத்து, உள்ளே கொடுக்க வேண்டும். வெளியேற்றும் குழாய்களை ஒன்றாகச் சேர்த்தால் குறுக்களவு கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் ஆகும். உள்ளே வரும் காற்றுக்கு அதைவிடப் பெரிய குழாய் வேண்டும். இவற்றை மெட்ராஸ் டெரஸ் தளத்தில் எங்கே ஓட்டை போட்டுக் கொண்டுபோவாய்?

மெட்ராஸ் டெரஸ் எப்படி நிற்கிறது என்பது உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். மேலே தட்டோடு. அந்தத் தளத்தில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நெருக்கிப் பிடித்திருப்பதால்தான் தளம் நிற்கிறது. நடுவில் பெரிய துளை போட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். ஆகவே இருபது ஹூட்டும், காஸ் சிலிண்டர்களும், கரைப்பான் கிடங்கும் பின்புறம் கட்டும் புதுக் கட்டடத்துக்குப் போகட்டும். அங்கே தளத்துக்குத் தளம் எத்தனை உயரம் வேண்டுமோ அத்தனை வைத்து, குழாய்களுக்கென்றே ஒரு செங்குத்து வழியும் விடலாம். பழைய கட்டடத்தில் இரண்டு மூன்று ஹூட் போதும், அவையும் பழைய புகைப்போக்கிகளை ஒட்டிய அறைகளில். அந்தப் போக்கிகளுக்குள் புதிய குழாயை இறக்கலாம். நூறு வருஷத்துக்கு முன் இருந்தவர் விட்டுப்போன வழி உனக்கு இன்றும் உதவும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி விஷயம் வேறு. அது வரலாம், ஆனால் மாடிக்கு வரக்கூடாது. மனிதக் காலுக்குத் தெரியத் தொடங்கும் அதிர்வு சுமாராக நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் வேகம். நுட்பமான நுண்ணோக்கிக்கு அது ஒற்றை இலக்கத்துக்குள் இருக்க வேண்டும். மாடித் தளத்தில் ஒருவர் வேகமாக நடந்தாலே படம் கலைந்துவிடும். தரைத்தளத்தில், சாலையிலிருந்து தள்ளிய மூலையில், தரையை வெட்டி, சுற்றிலும் இடைவெளி விட்டு, தனிக் கான்கிரீட் பீடம் போட்டு அதன்மேல் வை. மாக்ஸ்வெல் செய்ததும் இதுதான், பொருள்தான் மாறியிருக்கிறது. தோண்டும்போது பழைய அஸ்திவாரம் எத்தனை ஆழம், எத்தனை அகலம் என்று முதலில் சோதனைக் குழி வெட்டிப் பார்க்க மறக்காதே. செங்கல் அஸ்திவாரத்தின் காலடி மண்ணைக் கிளறிவிட்டால் சுவரே கேள்விக்குள்ளாகிவிடும். பட்டியலில் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவி இல்லை, ஆனால் வேதியியல் துறை நாளைக்குக் கேட்கும். அதன் காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது, திரவ ஹீலியம் ஊற்ற உயரமான கூரை வேண்டும். இரும்புக் கர்டர் இல்லாத, பதினெட்டு அடி உயரமுள்ள உன் தரைத்தள அறை ஒன்று அதற்குப் பொருந்திவரலாம். அதை இப்போதே குறித்து வை.

ஏ.சி. பற்றி ஒரே ஒரு யோசனை. பழைய அறையை முழுக்க அடைத்துக் குளிரவைக்காதே. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெதுவாக வெளியே விடும் தன்மை உள்ளது. அடைத்துக் குளிரவைத்தால் உள்பக்கம் பூஞ்சணம் பூக்கும். குளிர் கட்டாயம் தேவைப்படும் கருவிக்கு, அறைக்குள் ஓர் அறையாக, சுவரைத் தொடாமல் கண்ணாடியிலோ பேனலிலோ பெட்டி அமைத்துக்கொள். நாளைக்குக் கருவி போனால் பெட்டியையும் கழற்றிவிடலாம், சுவரில் வடு இருக்காது. ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தை மறைக்க யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடு. வயரும் குழாயும் ஒரு சுவரோரமாகக் கண்ணுக்குத் தெரியும்படி ஒழுங்காகப் போகட்டும். பழுது பார்ப்பவனுக்கும் அதுதான் வசதி.

சிமென்ட்டைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பணியில் இருந்த காலத்தில் ஒரு கல்லூரியில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்திலெல்லாம் சிமென்ட் பூசி, மேலே பளபளப்பான பெயின்ட்டும் அடித்திருந்ததைப் பார்த்தேன். சில மழைக்காலங்களில் அந்தச் சுவர் உள்ளுக்குள் பொடிந்துவிட்டது. தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்குச் சிமென்ட் வழி விடாது. ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். கடற்காற்றுப் படும் ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். உப்பு செங்கல்லின் துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து கல்லை மாவாக்கிவிடும். வெளியே சிமென்ட் திடமாக நிற்கும், உள்ளே செங்கல் இருக்காது. ஆகவே எஸ்டிமேட்டில் "சுண்ணாம்புக் கலவை" என்று எழுதியிருந்தாலும் தளத்தில் நின்று பார். நீற்றிய சுண்ணாம்பு குழியில் எத்தனை நாள் ஊறியது, மணலைக் கழுவினார்களா, கலவையைச் செக்கில் அரைத்தார்களா என்று கேள். "கொஞ்சமா சிமென்ட் சேர்த்தா சீக்கிரம் பிடிக்கும்மா" என்று கொத்தனார் அன்போடுதான் சொல்வார். அன்போடு மறுத்துவிடு.

உத்திரங்களின் நடுப்பகுதியைப் பார்த்து மட்டும் தேக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதே. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் உளுத்துப்போகும். ஒவ்வொரு முனையையும் திறந்து கூரான கம்பியால் குத்திப் பார்க்கச் சொல். கெட்ட முனையை மட்டும் வெட்டி எடுத்துப் பழைய தேக்கையே ஒட்டுப் போடும் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல கூலி எஸ்டிமேட்டில் வை. மழைநீர்க் குழாய்களின் வாயில் அரசங்கன்று முளைத்திருக்கும். வெறுமனே பிடுங்கினால் வேர் உள்ளே இருந்து மறுபடி துளிர்க்கும். வேர் போன தூரம் வரை செங்கல்லைப் பிரித்து எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி, உன் உடம்பைப் பற்றிய கவலை எனக்கு இருக்கிறது. விஞ்ஞானக் கட்டடத்தில் முன்னோர் விட்டுப்போனவை எல்லாம் நல்லவை அல்ல. மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு 1907 முதல் 1919 வரை வேலை செய்த இயற்பியல் கட்டடம் பிற்காலத்தில் உளவியல் துறைக்குப் போனது. அங்கே அலுவலகம் வைத்திருந்த சிலருக்குப் புற்றுநோய் வந்தபோது, ரதர்ஃபோர்டு காலத்துக் கதிரியக்கப் பொருளும் பாதரசமும் தரைக்கடியில் தங்கியிருந்ததைச் சுட்டிக் கேள்வி எழுந்தது. 2009-இல் வந்த தனி ஆய்வறிக்கை, அந்த மரணங்களுக்கும் கசிவுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றது. ஆனாலும் அத்தனை குடும்பங்கள் அத்தனை வருஷம் அந்தச் சந்தேகத்தோடு வாழ நேர்ந்ததே. கட்டடத்தைக் கைமாற்றும்போதே முழுதாக அளந்து பார்த்து எழுதி வைத்திருந்தால் அந்த வேதனையில் பாதி குறைந்திருக்கும்.

உன் கட்டடத்தில் ரதர்ஃபோர்டு இருந்திருக்க மாட்டார், பாதரசம் இருக்கும். உடைந்த பாரமானிகளிலிருந்து சிந்தியது மரத்தரை இடுக்கிலும் சிங்க்கின் வளைகுழாயிலும் தங்கியிருக்கும். தரைப்பலகையைப் பெயர்க்கும் முன் ஆவியை அளக்கச் சொல். ஸ்டோர் ரூமின் மேல்தட்டில் பழுப்பு பாட்டில்களில் பிக்ரிக் அமிலம் இருந்தால் யாரும் தொடக்கூடாது. காய்ந்து படிகமானால் மூடியைத் திருகுவதே வெடிக்கப் போதும், அதற்கென்று பயிற்சி பெற்றவரைக் கூப்பிடு. பழைய ஈதர் பாட்டில்களும் அப்படித்தான். தோரியம், யுரேனியம் உப்புகள் இருந்தால் தனியே வைத்து முறையாக ஒப்படைக்க வேண்டும். பர்னருக்கு மேல் வைக்கும் பழைய கம்பி வலையின் நடுவே உள்ள வெள்ளை வட்டம் ஆஸ்பெஸ்டாஸ். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், சுரண்டும் பெண்களுக்கு முகமூடியும் கை கழுவத் தண்ணீரும் கொடுக்காமல் வேலையைத் தொடங்க விடாதே. இவற்றைச் செலவுக் கணக்கில் கடைசி வரியாகப் போடுவார்கள். நீ முதல் வரியாகப் போடு.

இனி முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். இந்தக் கடிதத்தில் என் மனசுக்கு நெருக்கமான இடம் இதுதான்.

நம் சென்னை மாநிலக் கல்லூரியை நினைத்துக்கொள். ராபர்ட் சிஷோல்ம் வடிவமைத்து 1870-இல் திறந்த கட்டடம், கடற்கரைச் சாலையில் இன்றும் கல்லூரியாகவே இருக்கிறது. அங்கே 1903-இல் சேர்ந்த சி.வி. ராமன் 1907-இல் முதுகலை முடித்தார். இடையில், ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும், இன்றைக்கும் ஒவ்வொரு இயற்பியல் மாணவனும் செய்கிற சாதாரணப் பயிற்சியின்போது, ஒளிப்பட்டைகள் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் விழுவதைக் கவனித்தார். மேலே தொடர்ந்து ஆராய்ந்து எழுதி, 1906 நவம்பரில் லண்டன் 'ஃபிலசாஃபிக்கல் மேகஸின்' இதழில் கட்டுரையாக வெளியிட்டார். அந்த மாதம்தான் அவருக்கு 18 வயது நிறைந்தது. ஆராய்ச்சிக்கென்று தனி அறை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நல்ல கருவி ஒன்று, இருட்டாக்கக்கூடிய அறை ஒன்று, தொந்தரவில்லாமல் நிற்கக் கொஞ்ச நேரம், இவை கற்பிக்கும் கூடத்திலேயே இருந்தன.

அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் 1925 முதல் 1930 வரை அதே கல்லூரியில் படித்தார். 1928-இல் ஜெர்மனியிலிருந்து அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து அந்தக் கல்லூரியில் பேசினார். சந்திரசேகர் பிறகு அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். நீ புத்தகத்தில் படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொல்லி, அச்சேறாத தன் கட்டுரையின் பிரதியையும் கொடுத்தனுப்பினார். ஒரு மாணவனின் பாதையே அங்கிருந்து திரும்பியது.

கற்பிக்கும் இடத்தில் இப்படியும் நடக்கும் என்பதால்தான், உன் கட்டடத்தில் படிக்கட்டு மாதிரி மேலேறும் பழைய காலரி வகுப்பறையை இடித்துச் சமதளமாக்க யாராவது சொன்னால் எதிர்க்கச் சொல்கிறேன். வட்டமேசையாகப் பிள்ளைகள் கூடிக் கற்கும் அறைகள் தேவைதான். அதற்கு வேறு சமதள அறைகள் உள்ளன. கீழே மேசையில் ஒருவர் சோதனை செய்ய, மேல்வரிசையில் இருப்பவனுக்கும் அவர் கை தெரியும்படி கட்டிய அறை ஒன்று கட்டடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பெஞ்சுகளைப் பழுது பார், மேசைக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடு, மேலே ஒரு கேமரா வைத்து மேசையைத் திரையில் காட்டு, கீழ்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் விடு. போதும்.

வடக்கு வெளிச்சமுள்ள முகப்பு மாடி அறைகளைத்தான் நிர்வாகம் கூட்ட அரங்குக்குக் கேட்கிறது. அவற்றைப் பயிற்சி ஆய்வகமாக்கு. பயிற்சி மேசைகள் கனமில்லாதவை. இந்தியத் தர விதிப்படி ஆய்வகத் தளம் சதுர மீட்டருக்குக் குறைந்தது 300 கிலோவாவது தாங்க வேண்டும். உத்திரங்களைச் சரிசெய்து, மணல் மூட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தால் அந்தத் தளம் தாங்குமா என்று தெரிந்துவிடும். நம் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள், பள்ளியில் ஆய்வகம் என்ற பெயரில் பூட்டிய அலமாரியை மட்டும் பார்த்தவர்கள். அவர்களைப் பின்பக்கத் தகரக் கூரைக்கு அனுப்பிவிட்டு, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள இடத்தில் பெரியவர்கள் டீ குடித்துக் கூட்டம் போடுவது எனக்கு நெஞ்சு பொறுக்காத காரியம். இந்த இடம் எனக்காகத்தான் கட்டப்பட்டது என்று ஒரு பெண் பிள்ளை முதல் நாளே உணர வேண்டும்.

சக்கர நாற்காலி என்றேனே, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உன் கையில் இருக்கிறது. சாய்தளத்தைக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் வைக்காதே. எல்லாரும் நுழையும் வாசலில் அந்தப் பிள்ளையும் நுழைய வேண்டும். முகப்புப் படிகளைக் கெடுக்காமல் முடியாதென்றால், பக்கவாட்டு வாசலை எல்லாருக்குமான பிரதான வாசலாக ஆக்கிவிடு. லிஃப்டைப் பழைய மாடிப்படிக் கிணற்றுக்குள் திணிக்காமல், பின்னால் வரும் புதுக் கட்டடத்தில் வைத்து இரண்டையும் பாலத்தால் இணை.

தீயைப் பற்றி நினைவூட்ட வேண்டியதில்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்தபோது தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதைச் சுண்ணாம்பிலும் மரத்திலுமே திரும்பக் கட்டியெழுப்பினார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கே நடக்கிறது. முடியும் என்பதற்கும், எவ்வளவு விலை கொடுத்த பிறகு என்பதற்கும் அதுவே சாட்சி. பழைய வயரிங் எதையும் நம்பாதே. டிரான்ஸ்ஃபார்மர், யு.பி.எஸ். பேட்டரி இரண்டும் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

அனுமதிகள் பற்றி உன் மூத்தவர்களுக்குத் தெரியும், அதில் நான் நுழையவில்லை. காலக்கெடு பற்றி மட்டும் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1860-இல் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூரைக்கு முதலில் செய்த இரும்பு பாரம் தாங்காமல் மாற்றிச் செய்தார்கள். அந்தக் கூரை ஒழுகியபோது, 2013 முழுவதும் மூடி வைத்து, 8,500 கண்ணாடித் தகடுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தி, 2014 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். உன் முதல்வர் ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்குள் முடிக்கச் சொல்கிறார் என்கிறாய். பொங்கலுக்குப் பிறகு தளத்தைத் திறந்து ஜூனுக்குள் மூடினால், சுண்ணாம்பு இறுகும் முன்னரே அதன்மேல் ஆள் நடமாட வேண்டியிருக்கும். கட்டடத்தை இரண்டு பாதியாகப் பிரி. இந்த வருஷம் மேற்குப் பாதி, அடுத்த தையில் கிழக்குப் பாதி. எந்தப் பாதியானாலும் கூரை புரட்டாசி பிறக்கும் முன் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஐப்பசி மழை ஒருமுறை திறந்த தளத்துக்குள் இறங்கினால் புது உத்திரமும் ஊறிவிடும். வகுப்புகள் நடக்க, புதுக் கட்டடத்தை முதலில் எழுப்பி ஆய்வகங்களை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமாகவே எழுதிக் கொடு. வாயால் சொன்னால் கூட்டத்தோடு போய்விடும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் மாடி உத்திர முனைகளின் படமும், சோதனைக் குழியின் ஆழமும், அறை அறையாக நீ போடும் ஒதுக்கீட்டுத் தாளும் எனக்கு அனுப்பு. தாளில் "வரக்கூடாதவை" என்ற பத்தியை முதலில் நிரப்பியிருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா